ஓய்வுநாளுக்கு வெள்ளிக்கிழமையே சமைத்து வைக்க எளிய உணவுகள் எவை?

தக்கலை மருமகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் சனிக்கிழமையே ஓய்வுநாள். என் மாமியார் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அடுத்த பிரகாசபுரம் பக்கத்தைச் சேர்ந்தவர். 1857-ஆம் ஆண்டில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தொடங்கிய ஏக இரட்சகர் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். கிறிஸ்தவர்களாக இருந்துகொண்டே சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட அந்தச் சபையைப் பற்றி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலருக்குத் தெரியாது என்பதால் இதைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஆறாம் நாளில் மன்னாவை இரட்டிப்பாகச் சேர்த்து, சுட வேண்டியதைச் சுட்டும் அவிக்க வேண்டியதை அவித்தும் மறுநாளுக்கு எடுத்து வைக்கும்படி யாத்திராகமம் சொல்வதை மாமியார் அப்படியே கடைப்பிடிக்கிறார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. நான் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை பேருந்து பிடித்து வீடு வந்து சேர மாலை ஐந்தேகால் ஆகிவிடும். ஜூலை மாதத்தில் சூரியன் மறைய ஆறே முக்கால் மணியை நெருங்கும் என்பதால் ஒருவாறு சமாளித்துவிடுவேன். நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. அந்த முக்கால் மணி நேரத்திற்குள் ஐந்து பேருக்கு வெள்ளி இரவு உணவும், சனிக்கிழமை காலை, மதிய உணவுகளும் ஆயத்தமாக வேண்டும். சாம்பார், துவரன் என்னும் தேங்காய்ப் பொரியல் இரண்டு, மீன்கறி, பாயசம் என்று இதுவரை செய்து வந்தேன். விளக்கேற்றி ஜெபத்திற்கு உட்காரும்போது எனக்குத் தூக்கம்தான் வருகிறது. ஓய்வுநாளை ஆயத்தம் செய்பவளுக்கே அந்த நாளில் ஓய்வு கிடைக்காமற்போவது நியாயமில்லை என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

ஆகையால் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். குறைந்த வேலையில் முடிந்து, சூடாக்காமல் சாப்பிட்டாலும் ருசி குறையாத நம் ஊர் உணவுகள் எவை? மறுநாள் மதியம் வரை உணவைச் சூடாக வைத்திருக்க வழி உண்டா? வியாழக்கிழமை இரவே எவற்றையெல்லாம் முடித்துவிடலாம்? வாரந்தோறும் கடையில் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதைப் பலர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். லேவியராகமத்தின்படி செதிளும் சிறகும் இல்லாத மீன்களை நாங்கள் உண்பதில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

விளவங்கோட்டுக்காரி பதில்:

சகோதரிக்கு வணக்கம். நான் இஸ்ரேலில், டெல் அவீவை அடுத்த பினே பிராக் நகரில், ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவள். அந்த நகரில் வசிப்பவர்களில் பெரும்பாலோர் வைதிக யூதர்கள். வெள்ளி மாலையானதும் கடைகள் மூடிவிடும். தெருக்களில் வாகனங்களைப் பார்க்க முடியாது. உங்கள் நவம்பர் மாதத்து முக்கால் மணி நேரத்தை அவர்கள் கேட்டால், அது கிடைத்ததே என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கரை மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். அதற்குப் பதினெட்டு நிமிடங்களுக்கு முன்பே வீட்டுப் பெண் ஷபாத் எனப்படும் ஓய்வுநாளுக்கான மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட வேண்டும் என்பது பரவலான வழக்கம். எருசலேமில் நாற்பது நிமிடங்களுக்கு முன்பே ஏற்றுகிறார்கள். மறுநாள் வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம், தீ மூட்டுவதும் சமைப்பதும் விளக்கின் சுவிட்சைப் போடுவதும் கூடாது. அதற்குள் மூன்று வேளை உண்பதோ கடமை. பத்துப் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் இது வாரந்தோறும் நடக்கிறது.

அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்ததில், சமையல் திறமையைவிட இரண்டு பழக்கங்களே அவர்களைக் காப்பாற்றுகின்றன என்று எனக்குத் தோன்றியது. முதலாவது, உணவுப் பட்டியல் வாரத்திற்கு வாரம் மாறுவதில்லை. நான் வேலை செய்த வீட்டில் வெள்ளி இரவு என்றால் கோழியும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் வைத்து அடுப்பில் வாட்டியது, சனி மதியம் என்றால் பயற்றுக் கூழ் என்பது ஆண்டு முழுவதும் மாறாத ஒழுங்கு. அதே கடைச் சாமான், அதே பாத்திரம், அதே அளவு. இந்த வாரம் என்ன செய்வது என்ற யோசனையே இல்லாமற்போனால் பாதிக் களைப்பு நீங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் அலுப்பு வருவதில்லை. அந்த வாசனைதான் அவர்களுக்கு ஷபாத். இரண்டாவது, அவர்களுடைய ஆயத்த நாள் உண்மையில் வியாழக்கிழமை. சந்தைக்குப் போவதும் பயறு ஊறவைப்பதும் மாவு பிசைவதும் வியாழன் இரவுக்குள் முடிந்துவிடும்.

மதிய உணவைச் சூடாக வைத்திருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் சோலண்ட் என்றும், கிழக்கத்திய யூதர்கள் ஹமீன் என்றும் சொல்லும் உணவு இதற்காகவே உண்டானது. பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, வெங்காயம், விரும்பினால் இறைச்சி எல்லாவற்றையும் ஒரே பானையில் இட்டு வெள்ளி பிற்பகலில் கொதிக்கவைத்து, சூரியன் மறைவதற்கு முன் மிதமான சூட்டில் ஏற்றிவிட்டால் மறுநாள் மதியம் வரை அது தானாகவே வெந்துகொண்டிருக்கும். புதிதாகத் தீ மூட்டவோ தணலைக் கூட்டவோ கூடாது. முன்பே வைத்த சூடு தொடரலாம் என்பது அவர்களின் நெறி. முன்னாளில் ஊர் ரொட்டிக்காரரின் அடுப்பில் பானைகளை வைத்துவிட்டு வருவார்களாம். இப்போது எரியும் அடுப்பின் மேல் தகரத் தகடு ஒன்றை மூடி அதன் மேல் பானையை வைக்கிறார்கள், அல்லது பிளாட்டா எனப்படும் மின்சாரச் சூட்டுத்தட்டை வெள்ளி மாலையே போட்டு விட்டுவிடுகிறார்கள். ஹமீன் பானைக்குள் முட்டைகளை ஓட்டோடு வைப்பதும் உண்டு. காலையில் அவை பழுப்பேறி, நல்ல மணத்துடன் இருக்கும்.

இதை நம் வீட்டுக்கு ஏற்றவாறு நான் செய்து வருகிறேன். ஐந்து பேருக்கு ஒன்றரைக் கோப்பைக் காணத்தை (கொள்ளு) வியாழன் இரவே ஊறவைத்துவிடுங்கள். வெள்ளி மாலை அதனுடன் அரைக் கோப்பைச் சம்பா அரிசி, பெரிய துண்டுகளாக நறுக்கிய உருளைக்கிழங்கு மூன்று, இரண்டு கைப்பிடி உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு முழுப் பூண்டு, நல்லமிளகுத் தூள், மல்லித்தூள், உப்பு, எலும்போடு கூடிய கோழி அரைக் கிலோ எல்லாம் சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, கொதிக்கக் கொதிக்கவே மின்சார மெதுசமையல் பானைக்கு (ஸ்லோ குக்கர்) மாற்றிக் குறைந்த சூட்டில் விட்டுவிடலாம். தண்ணீர் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். கோழி வேண்டாமென்றால் சேனைக்கிழங்கு சேர்க்கலாம். அரைப்பதும் இல்லை, தாளிப்பதும் இல்லை. மறுநாள் ஒரு மணிக்குத் திறந்தால் கூழாகக் குழைந்து, மூடியைத் திறந்த வாசனைக்கே பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

வடசேரிப் பெரியம்மா பதில்:

மகளே, நாங்கள் ஞாயிறு ஆசரிப்பவர்கள் என்றாலும் உன் நிலை எனக்குப் புரிகிறது. என் பாட்டி ஞாயிற்றுக்கிழமை அம்மியைத் தொடமாட்டார்; தேங்காய் உடைப்பதும் மீன் வெட்டுவதும் சனி மாலையோடு முடிந்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் குளிர்பெட்டி எங்கே இருந்தது? கெடாத கறி எது என்பதை அறிந்து அதையே செய்தார்கள். நீ சாம்பாரும் இரண்டு துவரனும் பாயசமும் என்று எழுதியிருப்பதைப் படித்தபோது, விருந்துக்குச் செய்வதை ஓய்வுநாளுக்குச் செய்துகொண்டிருக்கிறாய் என்று தோன்றியது. சாம்பாரை முதலில் நிறுத்து. பருப்பு சேர்ந்த குழம்பு ஆறிவிட்டால் இறுகிப்போகும், விரைவில் புளித்தும் போகும்.

அதற்குப் பதிலாக உள்ளித்தீயல் செய். கால் கிலோ உள்ளியை உரிப்பதுதான் இதில் பெரிய வேலை. அதைப் புதன்கிழமை இரவு தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து வீட்டில் எல்லோரும் சேர்ந்து உரித்துவிடலாம். அரை மூடித் தேங்காய்த் துருவலையும் நாலைந்து வற்றல் மிளகாயையும் இரண்டு கரண்டி மல்லியையும் சிறிது நல்லமிளகையும் தேங்காயெண்ணெயில் காப்பிப்பொடி நிறம் வரும் வரை பொறுமையாக வறுக்க வேண்டும். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். மைய அரைத்து, புளிக்கரைசலில் வதக்கிய உள்ளியோடு கொதிக்கவைத்து, எண்ணெய் மேலே தெளியும்போது இறக்கு. வியாழன் இரவு செய்த தீயல் சனிக்கிழமைதான் முழு ருசிக்கு வரும். அதைச் சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை. பாகற்காய், கத்தரிக்காய், சேனை எதைப் போட்டாலும் தீயல் தீயல்தான். இதனுடன் புளியிஞ்சி ஒரு பாட்டில் செய்து வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்திற்குத் தொடுகறிக் கவலை தீர்ந்தது.

வெள்ளி மாலை நீ வந்த பிறகு செய்ய வேண்டியது சோறும் ஒரே ஒரு துவரனும் மட்டுமே. பப்படம் பொரித்து டப்பாவில் அடைத்துவிடு. சோற்றுக்குச் சூடாறாப்பெட்டி வாங்கிக்கொள். மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து வீடுகளில் பலரும் வைத்திருப்பார்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தார் விறகை மிச்சப்படுத்தவென்று ஊர் ஊராகப் பரப்பியது. சம்பா அரிசியை ஒரு பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்துப் பாத்திரத்தோடு பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால், நீ குளித்து வருவதற்குள் சோறு தானாக வெந்திருக்கும். கஞ்சியை வடித்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்தால் சாப்பிடும் நேரம் வரை சுடச்சுட இருக்கும்.

சனிக்கிழமை காலைக்குப் பழங்கஞ்சியைவிட எளியது எது? இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்துவிட்டால், காலையில் தயிரும் உப்பும் இடித்த உள்ளியும் காந்தாரி மிளகாயும் போதும். ஆராதனைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது பிடிக்காவிட்டால், வெள்ளிக்கிழமை காலையிலேயே அரிசிமாவு வட்டயப்பம் அவித்து வைத்துவிடு. ஆறினாலும் மெத்தென்று இருக்கும். ஒறட்டி என்னும் அரிசி ரொட்டி வேண்டாம், ஆறினால் வறண்டு விறைத்துவிடும். மாலைக்கு நம் ஊர் மட்டிப்பழம் இருக்கிறது, ஏத்தன்பழம் இருக்கிறது. மாதம் ஒருமுறை முந்திரிக்கொத்து செய்து தகர டப்பாவில் வைத்தால் பாயசத்தின் நினைப்பே வராது. சிறுபயறும் கருப்பட்டியும் எள்ளும் தேங்காயும் சேர்ந்தது. வறுத்த பொடியிலும் முற்றிய பாகிலும் ஈரம் மிகக் குறைவு என்பதால் பல நாள் தாங்கும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக நினைக்காதே. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் நீ வரும் வரை யாரும் அரிசி கழுவி வைப்பதில்லையா? உன் கணவருக்குத் தேங்காய் துருவத் தெரியும் என்றே நம்புகிறேன். அதை வியாழன் இரவு செய்துவிடச் சொல்.

குளச்சல்காரன் பதில்:

மீனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் நெறிக்கு உட்பட்டவை நம் கரையில் தாராளமாகக் கிடைக்கின்றன: சாளை, அயிலை, நெய்மீன், பாறை, விளமீன் எல்லாவற்றிற்கும் செதிள் உண்டு. இறால், நண்டு, கணவாய், சுறா, திருக்கை, கெளிறு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால் போதும். தேங்காய் அரைத்த மீன்கறியை வெள்ளி மாலையில் அவசரமாகச் செய்வது வீண் சிரமம். சனிக்கிழமை சூடாக்கவும் வழியில்லை என்கிறீர்கள். வியாழக்கிழமை வாங்கி, வெட்டி, மசாலா தடவி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெள்ளி மாலை வறுத்தெடுக்கப் பத்து நிமிடம் போதும்.

இதைவிட நல்ல வழி மீன் ஊறுகாய். நெய்மீன் அல்லது சூரைத் துண்டுகளைச் சிறியதாக வெட்டி, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி, மொறுமொறுப்பாகப் பொரித்து, இஞ்சி, பூண்டு, நல்லெண்ணெய், வினாகிரியோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு வாரங்களுக்கு வெள்ளிக்கிழமையன்று மீனைத் தொடவே வேண்டாம். ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் இருப்பதால் பெரிய மீன் விலை ஏறிவிடும். மே மாதத்திலேயே செய்து வைத்துக்கொள்வது நல்லது. கத்தோலிக்கர்களான எங்கள் கரையோர ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் இருப்பது வழக்கம். எனவே ஒரு நாள் வேலையை நிறுத்துவதற்கு முந்தைய நாள் எவ்வளவு வேலை கூடும் என்பது எங்களுக்கும் தெரியும்.

உணவு ஆய்வகப் பணியாளர் பதில்:

மேலே சொன்ன யோசனைகளில் பெரும்பாலானவை நல்லவை. ஆயினும் பாதுகாப்பு குறித்துச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்து வீடுகளில் இரவுக் கறியைக் காலையில் ஒருமுறை கொதிக்கவைத்துக் காப்பாற்றுவது வழக்கம். சனிக்கிழமை அடுப்பு பற்றவைக்காத வீட்டிற்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆகவே மற்ற வீடுகளில் சரியாக இருக்கும் உணவு உங்கள் வீட்டில் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சமைத்த உணவு ஒன்று 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் இருப்பதுதான் ஆபத்து. நம் கடலோரப் புழுக்கத்தில் அறையின் வெப்பமே நுண்ணுயிர்கள் பெருக வசதியானது. இந்தக் கணக்கில் பார்த்தால் பெரியம்மா சொன்ன சூடாறாப்பெட்டி வெள்ளி இரவுச் சோற்றுக்கு மிகவும் ஏற்றது. சனி மதியத்திற்கு ஏற்றதன்று. பெட்டி சூட்டைத் தாமதமாக இழக்கிறதே தவிர உண்டாக்குவதில்லை. மாலை ஆறு மணிக்கு வைத்த பாத்திரம் விடிவதற்குள் அந்த ஆபத்தான வெப்பத்திற்கு இறங்கிவிடும். சோற்றில் பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துக்கள் வேகவைத்த பின்பும் தங்கும். வெதுவெதுப்பில் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, பிறகு சூடாக்கினாலும் அழியாது. விளவங்கோட்டுச் சகோதரி சொன்ன மின்சாரப் பானை வேறு வகை; அது இரவு முழுவதும் சூட்டை ஊட்டிக்கொண்டே இருப்பதால் சோலண்ட் முறை பாதுகாப்பானது. இரவில் பல மணி நேரம் மின்சாரம் நின்று காலையில் பானை ஆறிக்கிடந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் இது நடக்கக்கூடியதே என்பதால் அந்த மாதங்களில் தீயலை மாற்று ஏற்பாடாக வைத்திருங்கள்.

காணத்திற்குப் பதிலாகச் சிவப்பு ராஜ்மா போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு, மெதுசமையல் பானையின் குறைந்த சூட்டில் அழியாமல் போகலாம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே பானைக்கு மாற்ற வேண்டும். குக்கரில் வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

தேங்காய்த் துருவல் சேர்ந்த துவரன் வெள்ளி இரவே தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் உடனே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். வறுத்த தேங்காயும் புளியும் சேர்ந்த தீயல் அதைவிடத் தாங்கும் என்பது உண்மை. எனினும் வியாழன் இரவு செய்து சனி மதியம் உண்பதாக இருந்தால் அதையும் குளிர்பெட்டியில் வைத்து, உண்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்துக்கொள்வதே சரி. எதை வைப்பதாக இருந்தாலும் ஆழமான பாத்திரத்தில் வைக்காமல் அகன்ற பாத்திரத்தில் பரப்பி, சமைத்த இரண்டு மணி நேரத்திற்குள் வைத்துவிடுங்கள். பழங்கஞ்சிக்கும் சோறு விரைவில் ஆற வேண்டும், சட்டியும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். இரவில் புளித்து அமிலம் கூடுவதுதான் அதற்குக் காவல். வழக்கத்துக்கு மாறான வாடையோ கொழகொழப்போ தெரிந்தால் உண்ண வேண்டாம்.

தக்கலை மருமகள் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மின்சாரப் பானையைப் பற்றி அவர் என்ன சொல்வாரோ என்று தயங்கினேன். மாலையில் ஏற்றிய விளக்கு இரவு முழுவதும் எரிவதைப் போன்றதுதானே இதுவும், இடையில் யாரும் தொடாமல் இருந்தால் சரி என்று முடித்துவிட்டார். பெரியம்மாவின் கடைசிக் கேள்வியை வாசித்தபோது என் கணவர் எழுந்து போய்த் தேங்காய்த் துருவியைத் தேடினார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி எங்கள் வீட்டு ஒழுங்கு இப்படி இருக்கும். புதன் இரவு உள்ளி உரிப்பது, வியாழன் இரவு தீயல் வைப்பதும் காணம் ஊறவைப்பதும் தேங்காய் துருவுவதும், வெள்ளி மாலை சோறும் துவரனும் வறுத்த மீனும். சனி காலை பெரியவர்களுக்குப் பழங்கஞ்சி, பிள்ளைகளுக்கு வட்டயப்பம். மதியம் காணக் கூழும் புளியிஞ்சியும். சாம்பாரும் பாயசமும் விருந்து நாளுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. இன்னும் இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. மாமியாருக்குச் சனிக்கிழமை காலையில் சூடாக ஒரு தம்ளர் சுக்குக்காப்பி இல்லாமல் முடியாது. அதற்கு என்ன செய்வது? ஆராதனை முடிந்து முன்னறிவிப்பின்றி நாலைந்து பேர் உடன் வந்துவிட்டால் கூழ் எப்படிப் போதும்?

விளவங்கோட்டுக்காரி பதில்:

பினே பிராக் வீடுகளில் தண்ணீர் கொதிகலன் ஒன்றை வெள்ளி மாலையே நிரப்பிக் கொதிக்கவைத்துவிடுவார்கள். குழாயைத் திறந்து பிடித்துக்கொள்வதுதான் மறுநாள் வேலை. உங்கள் வீட்டிற்கு நல்ல ஸ்டீல் பிளாஸ்க் ஒன்றே போதும். முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கும் சுக்குக்காப்பியைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பினால் விரைவில் ஆறிவிடும். கருப்பட்டி சேர்த்தே ஊற்றலாம், பால் மட்டும் சேர்க்க வேண்டாம், இரவில் திரிந்துவிடும். சூரியன் மறைவதற்குச் சற்று முன் ஊற்றினால் காலை ஆறு மணிக்கு ஆவி பறக்காவிட்டாலும் குடிக்கத் தக்க சூடு இருக்கும்.

விருந்தினருக்காகக் கூடுதலாகக் கறி சமைக்க வேண்டாம். காணத்தை ஒன்றரைக் கோப்பைக்குப் பதில் இரண்டரையாக ஊறவைத்து, உருளைக்கிழங்கை இரட்டிப்பாக்குங்கள். வேலை கூடாது, பானை மட்டும் நிறையும். அந்த அளவுக்கு ஆறு லிட்டர் கொள்ளும் பானையாக வாங்கிவிடுவது நல்லது, சிறியதை வாங்கினால் சில மாதங்களில் மாற்ற நேரிடும். யாரும் வராத வாரத்தில் மிஞ்சிய கூழைச் சூரியன் மறைந்ததும் கொதிக்கவைத்துச் சனி இரவு உணவாக முடித்துவிடலாம்.